விரத நாளில் ஒரு காப்ஸ்யூல்

ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். மருந்தாளர் நானில்லை. அவர் ஒரு சீனப் பெண்மணி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பார். நான் வெளியே முகப்பில் நிற்பவள். ஆனாலும் கடைக்கு வரும் தமிழர்கள் அவரைத் தாண்டி என்னைத்தான் தேடுவார்கள். முட்டிவலிக்கு எந்தத் தைலம், இனிப்பு நீர் வியாதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாம் என்னிடம்தான். உறவுக்காரர்கள் நடுவே எனக்கு அரை டாக்டர் என்று பெயர். கேலியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கும். நாலு பேர் கூடினால் தெரிந்ததை எடுத்துவிடாமல் என்னால் இருக்க முடியாது.

என் அண்ணனுக்கு மனநோய். இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது. ‘கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி’, ‘தூக்கம் வராத வியாதி’, ‘வேலை டென்சன்’ என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லிச் சமாளித்தவள் நான். டாக்டர்கள் சொன்ன பெயர் பைபோலார். தமிழில் இருமுனைக் கோளாறு என்கிறார்கள். சில வாரம் மனம் தறிகெட்டு மேலே ஓடும். தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம், பேச்சு நிற்காது, நம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று தோன்றும். பிறகு அப்படியே கீழே விழும். பல் துலக்க எழுவதே மலையாகிவிடும், இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றும். மருந்து ஒத்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் வருடக்கணக்கில் எல்லோரையும் போல வாழலாம். அண்ணன் பதினைந்து வருடம் அப்படி வாழ்ந்தார். வயர்மேன் வேலை, ஈப்போ புந்தோங்கில் ஒரு வீடு, அண்ணி, காலையில் ஒரு காப்ஸ்யூல், ராத்திரி ஒரு காப்ஸ்யூல்.

முதல் தடவை வந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. கோப்பெங் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்தாயிற்று. இடிப்பதற்கு முன்னால் கரண்டைத் துண்டிக்க ஆள் வேண்டும். அந்த வட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருந்த வயர்மேன் அண்ணன்தான் என்பதால் குத்தகைக்காரர் அவரைக் கூப்பிட்டார். எங்கள் லயத்துக்கும், லயத்துக் கோடியில் இருந்த முனியாண்டி கோயிலுக்கும் போன கம்பியை அவர் கையாலேயே கழற்றினார். அந்த வருடமே, ஈப்போவில் குடிவந்த அடுக்குமாடி வீட்டில், நான்கு நாள் கண் மூடாமல் பேசினார். அப்புறம் மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஏன் வந்தது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, சாமிக்கு விளக்கை அணைத்தவனைச் சாமி விடுமா என்றார். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்புக்குள் குறி சொல்கிறவர் ஒருவரிடம் அண்ணனைக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் அறுத்துக் கால்மாட்டில் போட்டார்கள். அண்ணி பக்கத்துச் சனம் எங்கள் ரத்தத்தைச் சொன்னார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, வேலைக்கும் போகாமல் யாரோடும் பேசாமல் மாதக்கணக்கில் ஒரு பால்மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அண்ணியைப் பெண் கேட்கப் போனபோது அந்தச் சித்தப்பாவைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. நான் அப்பாவைச் சொன்னேன். குடித்துவிட்டு வந்தால் அண்ணனைத்தான் அடிப்பார், என்னைத் தொடமாட்டார். எல்லோருக்கும் ஒரு குற்றவாளி தேவைப்பட்டது, அவரவருக்குப் பிடிக்காத ஆளைப் பிடித்துக்கொண்டோம்.

இந்த விஷயம் நடந்தது போன தைப்பூசத்தில். பதினைந்து வருடமாக நோய் திரும்பவில்லையே, அதற்கு நன்றியாகக் காவடி எடுக்க வேண்டும் என்று அண்ணி வேண்டியிருந்தார். அண்ணன் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பதாக முடிவானது. விரதம் தொடங்குகிற வாரம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம். பருப்பு, ரசம், கத்தரிக்காய் பிரட்டல். சாப்பிட்டு முடித்து அண்ணன் தண்ணீர் தம்ளரை எடுத்து உள்ளங்கையில் காப்ஸ்யூலை வைத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அன்றைக்குத்தான் கடையில் ஒரு அம்மா இதையே கேட்டிருந்தார், பதில் சூடாக நாக்கு நுனியில் இருந்தது. “அண்ணே, அந்தக் கூடு எதுல செய்யுறதுன்னு தெரியுமா? நெறைய கூடு மாட்டுத் தோலு, எலும்புலதான் செய்யுறான். டப்பாவுல ஹலால் போட்டிருக்குல்ல, பன்னி இல்லன்னா அப்ப மாடுதானே லா” என்று சொல்லிச் சிரித்தேன். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அண்ணி அடுப்படியில் இருந்தார், காதில் விழவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. காப்ஸ்யூலைப் போட்டுத் தண்ணீர் குடித்தார், அல்லது குடித்த மாதிரி செய்தார்.

அடுத்த வரியையும் நான் சொல்லியிருக்கலாம். அதே மருந்து கூடு இல்லாமல் வில்லையாகவும் கிடைக்கிறது, டாக்டரிடம் கேட்டால் மாற்றித் தருவார். இது எனக்குத் தெரியும், தினமும் இதே பேச்சுதான் கடையில். மகளை டியூசனிலிருந்து அழைத்து வர நேரமாகிவிட்டது என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அண்ணனுக்கு ஒரு தெம்பு வந்தது. விடிவதற்கு நெடுநேரம் முன்பே எழுந்து குளித்துவிட்டு, விரதம் இருக்கும் வீடு வீடாகப் போய்ப் பாடினார். பதினைந்து வருடமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் கோயிலில் மணிக்கணக்கில் பேசினார். காவடி கட்டுகிறவர்களுக்கெல்லாம் சீரியல் விளக்கு போட்டுக் கொடுத்தார். எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று யாரும் பார்க்கவில்லை. புந்தோங்கில் அவரைச் ‘சாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முருகன் அருள் இறங்கிவிட்டது என்று அண்ணி கண்கலங்கினார்.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? இந்த நோயின் அறிகுறிகளைக் கடை முகப்பில் நின்று எத்தனை பேருக்கு ஒப்பித்திருக்கிறேன். குறைந்த தூக்கம், ஓயாத பேச்சு, அளவு மீறிய உற்சாகம், தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற நினைப்பு. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் கண்முன்னால் நின்றது. கோயிலுக்கு உள்ளே நின்றதால் எனக்கு அது நோயாகத் தெரியவில்லை. மகளுக்குப் பரீட்சை முடிவு வரவேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அவர் கையால் துன்னூறு வாங்கிக்கொண்டேன். நெற்றியில் அவர் கட்டைவிரல் சூடாக இருந்தது. எனக்கு அப்போது உண்மையிலேயே மனம் நிறைந்திருந்தது.

தைப்பூசத்தன்று காவடியை இறக்கியவர் எங்களுக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர்ப் பந்தலில் யாருக்காவது உதவிக்கொண்டிருப்பார் என்று நினைத்தோம். மதியம் தாண்டியும் காணோம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், அண்ணியின் கைப்பேசிக்கு அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு. எங்கள் பழைய தோட்டத்துக் காவலாளி, நேபாளி, அண்ணனிடமே எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தார். உடைந்த மலாயில், மஞ்சள் வேட்டியில் ஓர் ஆள் இங்கே இருக்கிறார், சீக்கிரம் வாருங்கள் என்றார். அண்ணன் ஈப்போவிலிருந்து கோப்பெங்கைத் தாண்டி வெறும் காலில் நடந்தே போயிருந்தார்.

லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான். எந்த வரிசையில் எங்கள் வீடு இருந்தது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. கோயில் இருந்த இடத்துக்குப் பக்கத்து மின்கம்பத்தின் கீழே, கையில் ஒரு துண்டு வயரோடு உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் பிய்ந்து ரத்தம். காவலாளி அவர் தோளில் கை வைத்தபடி பக்கத்திலேயே குந்தியிருந்தார். இரண்டு தடவை கம்பத்தில் ஏறப் பார்த்தார், இழுத்துக் கீழே உட்கார வைத்தேன் என்று சைகையில் காட்டினார்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தார். “தங்கச்சி, நீ முன்னாடி போ. சாமிக்குக் கரண்ட் குடுத்துட்டு வாரேன்.”

அந்த ஆள் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண், அவசரமே இல்லாமல் பேசுகிறவர். ரத்தத்தில் மருந்து துளிகூட இல்லை என்றார். அண்ணி நம்பவில்லை. “நானே தெனம் கையில எடுத்துக் குடுத்தேன் லா. வாயில போட்டதைப் பாத்தேன்” என்று அழுதார். மறுநாள் வீட்டில் அண்ணனின் கருவிப் பெட்டியைத் திறந்தபோது, வயர் இணைப்பான் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அத்தனை காப்ஸ்யூலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. “ஏன் இப்படிப் பண்ணாரு? நான் என்ன கொற வச்சேன்?” என்று அண்ணி என்னைக் கேட்டார். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது, சின்ன வயதில் என்ன நடந்தது, எப்போது இடம் மாறினீர்கள், விரதத்தில் எத்தனை மணிக்கு எழுந்தார். நான் பொறுமை இழந்து, “டாக்டர், இதுக்குக் காரணம்தான் என்ன?” என்று மலாயில் கேட்டேன். ஒரே ஒரு காரணம் இருப்பதாகத் தெரிந்தால் எனக்கும் சொல்வேன் என்றார். வழிவழியாக வரும் பலவீனம் உண்டு. ஆனால் அதே ரத்தம்தானே உங்களுக்கும், உங்களுக்கு வரவில்லையே. மூளையின் வேதியியலும் தூக்கத்தின் கடிகாரமும் உண்டு. அடி வாங்கிய பிள்ளைப் பருவம் உண்டு. பிறந்த இடத்தைத் தன் கையாலேயே இருட்டாக்கியது உண்டு. தூக்கம் கெட்டால் அதுவே தனியாகப் போதும், இந்த நோயைக் கிளப்பிவிடும். மருந்து நின்றது கடைசியாக வந்து சேர்ந்தது. இவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும், எது எவ்வளவு என்று பிரித்து எடைபோட யாராலும் ஆகாது என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பிரித்துச் சொல்லிவிட்டால் நான் குற்றவாளியா இல்லையா என்றாவது தெரிந்துவிடும். அப்போதும் நான் அண்ணனைப் பற்றி யோசிக்கவில்லை, என்னைப் பற்றித்தான் யோசித்தேன்.

அண்ணனை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் காப்ஸ்யூலுக்குப் பதில் வில்லை எழுதிக்கொடுத்தார். இன்னொரு முறை மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், இதைவிட மோசமாகக்கூட இருக்கலாம் என்று எச்சரித்தார். இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி கூப்பிட்டார். “உங்க அண்ணன் வில்லைய நாக்குக்கு அடியில வச்சிருந்து துப்பிடுறாரு. மூணு நாளாச்சு. நான் சொன்னா கேக்க மாட்றாரு. நீங்க வந்து பேசுங்க.” அடுத்த தடவை அந்த நேபாளி இருக்கமாட்டார் என்பதுதான் வழியெல்லாம் என் மண்டையில் ஓடியது.

போனபோது அண்ணன் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து யாருடையதோ ரைஸ் குக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேலே ஓடிய மனம் இறங்கிவிட்டிருந்தது, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. திட்டுவதற்குத்தான் போனேன். வழக்கமான முதல் வாக்கியம் தயாராக இருந்தது. அவர் பாதத்தில் இன்னும் ஆறாத புண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை.

“அண்ணே, அன்னிக்கு மாட்டுத்தோலுன்னு நான்தான் சொன்னேன். வில்லையா கெடைக்கும்னு தெரிஞ்சும் சொல்லாம போயிட்டேன். என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு. அண்ணிகிட்டகூட இன்னும் சொல்லல.” சொல்லிவிட்டு அழுதேன். மாடிப்படியில் இறங்கி வந்த ஒரு சீனக் கிழவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தார். “ஒரு வீட்டுல கரண்ட் ட்ரிப் ஆயிருச்சுன்னு கூப்புடுவான். போனா கெட்டிலக் காட்டி, இதப் போட்டப்பதான் விழுந்துச்சும்பான். நெசந்தான், அதப் போட்டப்பதான் விழுந்துச்சு. ஆனா உள்ள வயரு முப்பது வருசப் பழசு. மழையில செவுரு ஊறிக் கெடக்கு. ஏர்கோன் ஓடுது, அயர்ன் பாக்ஸ் ஓடுது. எதைன்னு குத்தம் சொல்வ?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ கெட்டில் லா. அவ்ளோதான்” என்றார்.

டாக்டர் அரைமணி நேரம் சொன்னதை அண்ணன் ஒரு குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். எனக்கு ஆறுதலாக இருந்தது. வெறும் கெட்டில்தானா என்று கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, என் புத்தி அப்படி. கண்ணைத் துடைத்துக்கொண்ட அடுத்த நிமிடமே பழைய ஆளாகிவிட்டேன். “அப்ப வில்லைய ஏன் துப்புறீங்க? அதுல மாடு இல்லண்ணே. நான் டப்பாவப் படிச்சுப் பாத்துட்டேன்.”

“மாட்டுக்காகத்தான் மொதல்ல நிறுத்துனேன். பத்து நாளு. அப்புறம் அதுக்காக இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

குக்கரின் அடித்தட்டைத் துணியால் துடைத்தார். “அந்த நாப்பது நாளும் என்னை எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாங்க. என்ன சொல்றேன்னு நின்னு கேட்டாங்க. நீகூட துன்னூறு வாங்குன. நோயின்னு டாக்டர் சொல்றாங்க, சரி, ஒத்துக்குறேன். மின்கம்பத்துல ஏறப் பாத்தது பைத்தியக்காரத்தனந்தான். ஆனா அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருசம் ஒழுங்கா மருந்து போட்டேனே. வேலைக்குப் போனேன், குடிக்கல, யாருக்கும் தொந்தரவு இல்ல. அப்ப யாரும் என்னைக் கும்புட வேணாம், உக்காந்து பேசுனீங்களா? நீ தெனம் காலையில எட்டு மணிக்குப் போன் பண்ணுவ. மருந்து போட்டாச்சா? போட்டாச்சு. சரிண்ணே, வைக்கிறேன். பதினஞ்சு வருசமா அதான் நமக்குப் பேச்சு.”

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஒருநாள் தவறியதில்லை. கூடப் பிறந்தவளுக்குரிய கடமையை எப்படிச் செய்கிறேன் என்று கடையில் சொல்லிக்கொள்வேன். நல்லபடியாக இருந்த அண்ணனோடு பேச எனக்கு எதுவும் இருந்ததில்லை, நிறுத்திவிட்டாரா என்று சோதிப்பதைத் தவிர. அவர் என்னை அழவைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று காட்டுகிற தொனியில்தான் சொன்னார். அதனால்தான் தாங்கமுடியவில்லை.

“மருந்து நான் போடுறேன்” என்றார் அண்ணன். “ஆனா நீ அதைக் கேக்காத. அண்ணி கேப்பா, அவ கேக்கட்டும், அவ கூட இருக்கவ. நீ கேக்காத.”

“எப்படித் தெரியும்ணே, போட்டீங்களா இல்லையான்னு?”

“தெரியாது” என்றார். “தெரியாமலே இருந்துக்க.”

மேலே போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுத்தோலைப் பற்றியும், நான் சிரித்ததைப் பற்றியும். அவர் என்னைத் திட்டவில்லை. சித்தப்பாவை மறைத்ததுக்கு இது பரவால்ல என்றார். அந்தப் பேச்சு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, வாங்கிக்கொண்டேன். கீழே வந்தபோது அண்ணன் குக்கரைப் பூட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கடையின் பின்பக்கம், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. அண்ணன் எடுத்தார். நாக்கு தன்பாட்டுக்குப் பழைய கேள்வியை எடுத்துக்கொண்டு வந்தது, கடித்துக்கொண்டேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் பக்கம் தொலைக்காட்சியில் செய்தி ஓடுவது கேட்டது.

“பசியாறியாச்சாண்ணே?”

“ம்ம். தோசை. சட்னியில அண்ணி உப்பு போட மறந்துட்டா.”

சரிண்ணே, வைக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “நீ பசியாறிட்டியா?” என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் போனில் அண்ணன் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் கேட்கும் அளவுக்கு நான் ஒருநாளும் இணைப்பில் இருந்ததில்லை. நான் காலையில் சாப்பிடுவதே இல்லை, பதினைந்து வருடமாக வயிற்று எரிச்சலுக்கு மருந்து விழுங்குகிறேன், அது யாருக்கும் தெரியாது. அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து, இல்லண்ணே என்று ஆரம்பித்து, அவரிடம் சொன்னேன்.